களத்துமேட்டிலிருந்து அடுப்பங்கரை வரை: கொந்தோர் வக்ஃபு நிலம், ஒரு நிகழ்வு ஆய்வு

இஸ்லாமிய மரபில் அறத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவைத்த வக்ஃபு நிலம் என்று பேச்செடுத்தால் வழக்கமாக இரண்டு குரல்கள்தான் கேட்கும். "எவ்வளவு சொத்து இருக்கு தெரியுமா?" என்பது ஒன்று. "எல்லாம் வீணாப் போச்சு" என்பது இன்னொன்று. அந்த நிலத்தை யார் உழுகிறார், விளைந்த நெல் எந்த வழியாகப் போய் யார் தட்டில் சோறாகிறது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கு ஓரளவு முழுமையான பதில் கிடைக்கும் இடம் ஒன்று இந்தோனேசியாவில் இருக்கிறது. கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ மாவட்டத்தில் கொந்தோர் என்ற கிராமம். அங்குள்ள விடுதிப் பள்ளியின் பெயர் பொன்டோக் மொடர்ன் தாருஸ்ஸலாம். ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், அந்த நாட்டில் எல்லோருக்கும் புரியும்.

இப்படிப்பட்ட பள்ளிக்குப் பெயர் பெசன்ட்ரன், அது ஜாவாவின் பழைய விடுதிப்பள்ளி முறை. கியாய் எனப்படும் ஆசானின் வீட்டைச் சுற்றி மாணவர்கள் தங்கிப் படிப்பார்கள். ஓர் ஓரத்தில் பள்ளிவாசல் இருக்கும், பக்கத்தில் கொஞ்சம் வயல் இருக்கும். வயலும் வீடும் கியாயின் சொந்தச் சொத்து. சிக்கல் அங்கேதான். ஆசான் இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். அவர் கண்மூடினால் நிலம் பிள்ளைகளுக்குப் பங்காகும். பிள்ளைகளில் ஒருவராவது கல்வியில் தேறியவராக இருந்தால் பள்ளி பிழைக்கும், இல்லாவிட்டால் கதவு மூடும். கொந்தோரில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்த பழைய பெசன்ட்ரன் இப்படித்தான் தேய்ந்தது. அது கிளைத்துவந்த தெகல்சாரி என்ற பெரிய பெசன்ட்ரனுக்கும் அதே கதிதான்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த மூன்று சகோதரர்கள் 1926 செப்டம்பர் 20 அன்று பள்ளியைப் புதிதாகத் தொடங்கினார்கள். அஹ்மத் ஸஹல், ஜைனுத்தீன் ஃபனானி, இமாம் ஸர்கஷி என்ற மூவரையும் அங்கே 'திரிமூர்த்தி' என்றுதான் அழைக்கிறார்கள். இஸ்லாமியக் கல்வி நிலையம் ஒன்றின் நிறுவனர்களுக்கு இந்தப் பெயர் பொருந்துவது ஜாவாவில் மட்டுமே நடக்கும். நம் காதுக்கு இன்னொரு சங்கதியும் இனிக்கும். அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட நான்கு இடங்களில் இரண்டு இந்தியாவில் இருப்பவை. நவீனப் படிப்புக்கு அலிகர், எளிமைக்கும் அமைதிக்கும் தாகூரின் சாந்திநிகேதன். மூன்றாவது, ஆசான்களின் தன்னலமற்ற உழைப்புக்காக மொரிட்டானியாவின் ஷின்கீத். நான்காவது கெய்ரோவின் அல்அஸ்ஹர். அல்அஸ்ஹரிடம் அவர்கள் கண்டு வியந்தது பாடத்திட்டத்தை அல்ல, வக்ஃபை. அரசர்கள் வந்தார்கள், போனார்கள். வக்ஃபு வருமானத்தின் பலத்தில் அந்த நிலையம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது.

1958: கொடுத்தது என்ன

பள்ளி தொடங்கி 32 ஆண்டுகள் கழிந்தன. ஜாவாக்காரர்கள் எட்டு ஆண்டுகளை ஒரு 'விண்டு' என்று எண்ணுவார்கள். நான்கு விண்டு நிறைந்ததைக் கொண்டாடிய வேளையில், 1958 அக்டோபர் 12 அன்று, மூன்று சகோதரர்களும் வக்ஃபு சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். சுமார் 17 ஹெக்டேர் நன்செய், இரண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவான மேட்டுநிலம், அதன்மேல் இருந்த கட்டடங்கள் எல்லாமே வக்ஃபாயின. நம் கணக்கில் நன்செய் மட்டும் ஏறக்குறைய 42 ஏக்கர். பெற்றுக்கொண்டவர்கள் முன்னாள் மாணவர்கள் 15 பேர் அடங்கிய வக்ஃபு வாரியம்.

இதில் யார் கொடுத்தார்கள் என்பதைவிட யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாசனம் ஏறிய அன்றே நிறுவனர்களின் பிள்ளைகள் வாரிசுரிமையை இழந்தார்கள். மூவரும் அப்போது உயிரோடு, நடமாட்டத்தோடு இருந்தார்கள். தள்ளாத வயதில் எழுதிவைத்த உயில் அல்ல இது. அஹ்மத் ஸஹல் அடிக்கடி சொன்னதாக அங்கே இன்றும் சொல்லப்படும் ஜாவானிய வாசகம் ஒன்று உண்டு. பொருள், தோள்வலி, சிந்தனை, தேவைப்பட்டால் உயிரும்கூட என்பது அதன் சாரம். பொருளை முதலில் வைத்தது தற்செயலா என்று தெரியாது. நடைமுறையில் முதலில் போனது அதுதான்.

மறுஆண்டே, 1959இல், நிலத்தைக் கவனிக்கத் தனி அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் பெயரில் 'பராமரிப்பு', 'விரிவாக்கம்' என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் வக்ஃபு என்றால் காப்பது என்ற அளவோடு நின்றுவிடும். வேலி போடு, பத்திரத்தைப் பத்திரமாக வை, அவ்வளவுதான். பெருக்குவதும் வேலை என்று பெயரிலேயே எழுதிவைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இன்னொரு நன்மையும் இதனால் கிடைத்தது. பாடம் நடத்தும் கியாய், விளைச்சலில் பங்குக்கு உழும் வாரதாரரோடு நெல் பேரம் பேச வேண்டியதில்லை. நிலம் பார்ப்பவர் வேறு, பள்ளி நடத்துபவர் வேறு. இருவருக்கும் மேலே வக்ஃபு வாரியம்.

இரண்டே ஆண்டில் இன்னொரு காரணத்தாலும் அந்தச் சாசனத்தின் அருமை தெரியவந்தது. 1960இல் இந்தோனேசியாவில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு நன்செய் ஐந்து ஹெக்டேர்தான், நெருக்கம் இல்லாத இடங்களில்கூடப் பதினைந்து. அந்த 17 ஹெக்டேரும் ஒரே பெயரில் இருந்திருந்தால் எந்தக் கணக்கிலும் மிஞ்சியிருக்கும். அதே ஆண்டு வந்த அடிப்படை நிலச் சட்டத்தின் 49ஆம் பிரிவு வக்ஃபு நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. உச்சவரம்பிலிருந்து தப்பிக்கவே சில கியாய்கள் நிலத்தை வக்ஃபாக்கினார்கள் என்று நிலமற்ற விவசாயிகள் தரப்பில் அந்நாளில் குற்றச்சாட்டு கிளம்பியதும் உண்மை. கொந்தோர் சாசனம் சட்டத்துக்கு முந்தியது என்பதால் அந்தப் பழி அதன்மேல் அப்படியே ஒட்டாது. ஆனால் உழுபவன் கண்ணில் வக்ஃபு நிலமும் ஒரு மிராசுதார் நிலம்தான் என்ற கேள்வி இருக்கிறதே, அது ஒட்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கைபரின் பாதி, ஜாவாவின் பாதி

வக்ஃபின் வேரே விவசாய நிலத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. மதீனாவுக்கு வடக்கே உள்ள கைபர் சோலையில் நபித்தோழர் உமர் (ரலி) அவர்களுக்கு நல்ல நிலம் ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்வது என்று நபிகளாரிடம் (ஸல்) கேட்டார். அடிச்சொத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாமே என்று பதில் வந்தது. விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது. விளைவது ஏழைகளுக்கும் உறவினர்க்கும் அடிமைகளை விடுவிக்கவும் வழிப்போக்கர்களுக்கும் விருந்தினர்க்கும். அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதைக்கொண்டு சொத்து சேர்க்கக்கூடாது. இன்று வக்ஃபுச் சட்டங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதெல்லாம் இந்த நாலு வரியின் விரிவுரைதான்.

அதே கைபரில் இன்னொன்றும் நடந்தது. 628இல் அந்தச் சோலை முஸ்லிம்கள் வசம் வந்தபோது, அங்கு ஏற்கெனவே பயிர்செய்துவந்த யூதர்களிடமே நிலம் விடப்பட்டது. விளைச்சலில் பாதி அவர்களுக்கு, பாதி மதீனாவுக்கு. ஜாவாவின் நன்செய் வாரத்தில் மிகப் பழைய வழக்கத்துக்குப் பெயர் 'மாரோ'. அதற்கும் பாதிக்குப் பாதி என்றுதான் பொருள். மூன்றில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டை 'மெர்தெலு' என்பார்கள். நம்மிடையே மேல்வாரம், குடிவாரம் என்று இருந்த பிரிவினைதான். கொந்தோரின் வயல்களிலும் இப்படி உள்ளூர் விவசாயிகளுக்கு வாரத்துக்கு விடுவது, குத்தகைக்கு விடுவது, ஆள்வைத்துத் தானே பயிரிடுவது என்ற வழிகள் கலந்தே நடந்துவருகின்றன.

இதில் ஃபிக்ஹு, அதாவது இஸ்லாமியச் சட்டச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஜாவாவில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபு என்ற சட்டப்பிரிவைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் பழைய நிலைப்பாட்டில் வெறும் வயலை வாரத்துக்கு விடுவது தனி ஒப்பந்தமாகச் செல்லாது. மரங்களுக்கு இடையே உள்ள நிலம் என்றால் மரப்பராமரிப்பு ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுமதிப்பார்கள். ஆனால் நவவி போன்ற ஷாஃபிஈ அறிஞர்களே இது ஆகும் என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஹனஃபி மத்ஹபில் அதன் நிறுவனர் அபூஹனீஃபா மறுக்க, அவருடைய இரு மாணவர்களும் அனுமதித்தார்கள். சட்டநூல் ஒரு பக்கம் இருக்க, நெல் விளையும் நாட்டில் உழவன் வேறு வழி தெரியாமல் வாரத்தைத் தொடர்ந்தான். அறிஞர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

தடுத்தவர்கள் காரணமில்லாமல் தடுக்கவில்லை. மதீனாவில் பழைய பழக்கம் ஒன்று இருந்தது. நிலக்காரர் "வாய்க்கால் ஓரத்தில் விளைவது எனக்கு, மற்றது உனக்கு" என்பார். தண்ணீர் குறைந்த ஆண்டில் வாய்க்கால் ஓரம் மட்டும் விளையும், மேட்டுப் பக்கம் கருகும். உழுதவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். இதைத்தான் நபிகளார் தடுத்தார்கள். பங்கு விகிதமாக இருக்க வேண்டும். 'எனக்கு இத்தனை மூட்டை' என்று முன்கூட்டியே கறாராகச் சொன்னாலும் அது வாரமாகாது. நட்டம் வந்தால் இருவர் தலையிலும் விழ வேண்டும் என்பதுதான் வாரத்தின் நியாயம்.

சரி, பாதி என்று பேசிவிட்டால் தகராறு தீர்ந்துவிடுமா? அறுவடைக் களத்துக்கு வந்து பாருங்கள். அடித்த உடனே நெல்லில் நூற்றுக்கு 25 பங்குவரை ஈரம் இருக்கும். இந்தோனேசியாவில் இதற்கு 'அறுவடை உலர்நெல்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அரவைக்குப் போக வேண்டுமென்றால் ஈரம் 14 ஆக இறங்க வேண்டும், அதற்குப் பெயர் 'அரவை உலர்நெல்'. 100 கிலோ ஈரநெல் காய்ந்தபின் 87 கிலோதான் நிற்கும். அந்த 13 கிலோ யார் கணக்கில் போகிறது? களத்திலேயே நிறுத்துப் பாதியைக் கொடுத்தால் காயும் எடைக்குறைவை அவரவர் தாங்குவார்கள். வக்ஃபுத் தரப்பு 'எங்களுக்குக் காய்ந்த நெல்லாக வேண்டும்' என்று கேட்டால், காயவைக்கும் கூலியும் குறையும் எடையும் சத்தமில்லாமல் உழுபவன் மடியில் விழும். பத்திரத்தில் 'பாதி' என்ற சொல் அப்படியே இருக்கும். விதை, உரம், அறுப்புக்கூலி இவற்றைக் கழித்தபின் பாதியா, கழிக்காமல் பாதியா என்பதும் இதே ரகம். 1960இன் விளைச்சல் பங்கீட்டுச் சட்டம் அங்கே இதற்குப் பதில் சொல்கிறது. விதை, உரம், உழவுமாடு, நடவு, அறுவடைச் செலவுகளைக் கழித்தபின் மிஞ்சுவதே பங்குக்கு வரும். ஒப்பந்தம் எழுத்தில், ஊர்த்தலைவர் முன்னிலையில் இருக்க வேண்டும். நன்செய்க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, புன்செய்க்கு ஐந்து. எழுத்தில் இருக்கிறது, சரிதான். ஜாவாவின் வாரங்களில் பெரும்பகுதி இன்றும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது.

17 ஹெக்டேர் எத்தனை பேருக்குச் சோறு போடும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய விளைச்சலில் ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த நெல், ஆண்டுக்கு இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். 17 ஹெக்டேரில் 170 டன். பாதி உழவருக்குப் போக 85 டன். அரைத்தால் அரிசி நூற்றுக்கு 63 தேறும். 53 டன் சொச்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்றால் 530 பேருக்குச் சோறு. 1958இல் இந்த விளைச்சல் கிடையாது. ஐஆர் 8 என்ற குட்டை ரகமே 1966இல்தான் வெளிவந்தது. அன்றைக்கு இதில் பாதிகூடத் தேறியிருக்காது. ஆக, நிறுவனர்கள் கொடுத்த வயல் இருநூறு பிள்ளைகளுக்கு அரிசி கொடுத்திருந்தால் பெரிது. குழம்புக்கு, எண்ணெய்க்கு, புத்தகத்துக்கு, கூரை ஓட்டுக்கு அதில் காசு இல்லை.

இன்று கொந்தோரும் அதன் கிளைகளும் சேர்ந்து பல்லாயிரம் மாணவர்கள். பெண்களுக்கான வளாகம் 1990இல் ங்காவி மாவட்டத்து மந்திங்கானில், அதுவும் வக்ஃபு நிலத்தில்தான் தொடங்கியது. பிற தீவுகளிலும் கிளைகள் உண்டு. வக்ஃபு நிலம் பல மாவட்டங்களில் சிதறிப் பல நூறு ஹெக்டேராகப் பெருகியிருக்கிறது. முன்னாள் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கொடுத்ததும் உண்டு, வருமானத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்ததும் உண்டு. ஆனால் நிலம் பெருகியதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. என் முடிவு இது: கொந்தோரைத் தூக்கி நிறுத்தியது நெல்லுக்குப் பிறகு வந்த சங்கிலி.

அந்தச் சங்கிலியை வயலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தால் முதல் கண்ணி அரவை மில். நெல்லாக விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை. அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். சொந்த மில் இருந்தால் நெல்லைக் காயவைத்து அடுக்கிவைத்து, தேவைப்படும்போது அரைத்துக்கொள்ளலாம். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகும், உமிக்கும் ஆள் உண்டு. அடுத்த கண்ணி சமையற்கூடம். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரு வேளை தவறாமல் உண்ணும் இடத்தில் அரிசிக்குச் சந்தை தேட வேண்டாம். அதற்கடுத்து கடைகள். ரொட்டி, குடிநீர், அச்சகம், புத்தகக் கடை, கட்டுமானப் பொருள் கடை என்று 30க்கும் மேற்பட்ட தொழில்களைக் கூட்டுறவு முறையில் நடத்துகிறார்கள். பெயர் 'லா தன்ஸா'. 'மறந்துவிடாதே' என்று பொருள். காரூனைப் பற்றிய குர்ஆன் வசனத்தில், இவ்வுலகில் உனக்குரிய பங்கை மறந்துவிடாதே என்று வரும் இடத்திலிருந்து எடுத்தது. பணம் சேர்த்துப் பூமிக்குள் புதைந்தவனின் கதையில் வரும் சொல்லைக் கடைக்குப் பெயராக வைக்கத் தனி நகைச்சுவை உணர்ச்சி வேண்டும்.

மாணவன் ரொட்டி வாங்கும் காசு ரொட்டிக்கடைக்குப் போகிறது. கடையின் லாபம் வகுப்பறைக் கட்டடத்துக்கும் ஆசிரியர் குடும்பங்களின் நலனுக்கும் போகிறது. ஆசிரியர்கள் மாணவர் கட்டணத்திலிருந்து சம்பளம் வாங்குவதில்லை என்பது அங்கே கொள்கை. அவர்களுடைய பிழைப்பு இந்தத் தொழில்களின் வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கடைகளை நடத்துபவர்களும் பெரும்பாலும் இளம் ஆசிரியர்களே. காலையில் வகுப்பு எடுப்பவர் மாலையில் கல்லாவில் உட்காருவார், இடையில் பல்கலைக்கழகப் பாடமும் படிப்பார். வெளியே இருந்து பார்ப்பவர் இதைச் 'சுயசார்பு' என்று பாராட்டுவார். அது சரியான பாராட்டுதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஏறாத உழைப்பு இதில் ஏராளம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே தொழில்களைச் சந்தைக் கூலி கொடுத்து நடத்தியிருந்தால் எத்தனை லாபத்தில் நின்றிருக்கும் என்பது நியாயமான கேள்வி. இந்த மாதிரியை வேறு ஊரில் அப்படியே போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நிலத்தையும் மில்லையும் பெயர்த்து எடுத்துப் போகலாம். இருபது வயதுப் பையன் கூலி கேட்காமல் கணக்கெழுதும் பழக்கத்தை எடுத்துப் போக முடியாது, அதை வளர்க்கத்தான் வேண்டும்.

பூட்டும் சாவியும்

2004இல் வந்த 41ஆம் எண் வக்ஃபுச் சட்டம் இந்தோனேசிய வக்ஃபுக்கு முதுகெலும்பு. வக்ஃபுச் சொத்தை அடமானம் வைக்கக்கூடாது, ஜப்தி செய்யக்கூடாது, விற்கவோ தானமாகக் கொடுக்கவோ வாரிசுக்கு விடவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. பொதுத் தேவைக்காக மாற்று நிலம் கொடுத்து எடுக்க வேண்டுமென்றால் அமைச்சரின் அனுமதியும் இந்தோனேசிய வக்ஃபு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். மீறி விற்றால் ஐந்து ஆண்டுவரை சிறை, 50 கோடி ருப்பியாவரை அபராதம். வக்ஃபைப் பராமரிப்பவரை நாம் முத்தவல்லி என்கிறோம், அங்கே 'நாழிர்' என்கிறார்கள். நாழிர் நிகர வருமானத்தில் நூற்றுக்குப் பத்துவரை எடுத்துக்கொள்ளலாம். கைபர் நிலத்துக்கு 'நியாயமான அளவில் உண்ணலாம்' என்று சொன்னதற்கு இக்காலத்துச் சட்டம் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒன்றும் எடுக்கக்கூடாது என்று வாயளவில் சொல்லிவைக்கும் இடங்களில்தான் மறைவாக எடுப்பது அதிகம்.

ஆனால் பூட்டு பலமாக இருந்தால் வீட்டுக்காரனுக்கும் கதவு திறக்காது. அடமானம் வைக்க முடியாத நிலத்தின்மேல் வங்கி கடன் கொடுக்காது. விதைக்கு, பம்புசெட்டுக்கு, வாய்க்கால் தூர்வார முதல் எங்கிருந்து வரும்? தரிசாகக் கிடக்கும் வக்ஃபு நிலங்களுக்குக் களவு பாதிக் காரணம் என்றால் முதலின்மை மறுபாதி. கொந்தோர் இந்தக் கதவைத் திறந்தது கடைகளின் லாபத்தைத் திரும்ப நிலத்தில் போட்டு. அந்த வசதி இல்லாதவர்களுக்காகத்தான் 2002இல் இந்தோனேசிய உலமா சபை பணத்தையும் வக்ஃபாகக் கொடுக்கலாம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தந்தது, 2004 சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. நிலம் ஒருவர் கொடுத்தது, உழவுக்கு வேண்டிய முதல் பலர் சேர்ந்து கொடுத்த பண வக்ஃபிலிருந்து என்று இணைத்தால் சட்டத்தை உடைக்காமலே கதவு திறக்கும்.

எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும்

மேலே தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். வாரத்துக்கு உழும் குடும்பத்துக்கு இந்த வக்ஃபால் என்ன லாபம்? வெளியேற்ற மாட்டார்கள் என்ற நிம்மதி ஓரளவு உண்டு. நிலம் விலைபோகாது, எனவே புதிய முதலாளி வந்து கட்டடம் கட்டப் போவதில்லை. மழை பொய்த்த ஆண்டில் குத்தகைபோலக் கழுத்தை நெரிக்காமல் வாரம் இறங்கிக்கொடுக்கும். அதே சமயம், அவன் எத்தனை தலைமுறை உழுதாலும் அந்த மண்ணில் ஒரு சென்ட் அவன் பெயருக்கு வராது. வக்ஃபின் நோக்கம் கல்வி. பயனாளி மாணவன். உழவன் அந்தப் பட்டியலில் இல்லை. சமூக மேம்பாடு என்று சொல்லும்போது எந்தச் சமூகம் என்று கேட்டால், வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்களின் சமூகம் முன்னே நிற்கிறது, வரப்பில் நிற்கிறவர் கொஞ்சம் பின்னேதான். உமரின் சாசனத்தில் ஏழைகளும் வழிப்போக்கர்களும் பெயர் சொல்லி இடம்பெற்றார்கள். புதிதாகச் சாசனம் எழுதுகிறவர்கள், நிலத்தை உழும் குடும்பத்தின் பிள்ளைக்குப் படிப்பு, உழவனுக்கு மருத்துவம் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த நிலத்தை அவனும் தன்னுடையதுபோலப் பார்ப்பான்.

இரண்டாவது, தலைமை. வாரிசுரிமை இல்லை என்றுதான் சாசனம். 1985இல் மூவரில் கடைசியாக இமாம் ஸர்கஷி மறைந்தபின் வாரியம் மூன்று பேரைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒருவர் அஹ்மத் ஸஹலின் மகன், ஒருவர் இமாம் ஸர்கஷியின் மகன். சொத்தாகப் போகாதது பதவியாகப் போயிற்றா என்று புருவம் உயரலாம். வாரியம் தேர்ந்தெடுத்தது, வாரியமே விலக்கவும் முடியும் என்ற வேறுபாடு சிறியதல்ல. மகன் நிலத்தை விற்க முடியாது, பங்கு கேட்க முடியாது. ஆனாலும் கண்காணிக்கிறவர்களும் கண்காணிக்கப்படுகிறவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக, ஒரே ஆசானின் மாணவர்களாக இருக்கும்போது கேள்வி கேட்கும் குரல் இயல்பாகவே தணிந்து ஒலிக்கும். வெளியாள் தணிக்கை இங்கே கௌரவப் பிரச்சினை அல்ல, காப்பீடு.

மூன்றாவது, அளவு. இந்தோனேசிய மத விவகார அமைச்சகத்தின் பதிவில் வக்ஃபு நிலங்கள் ஏறக்குறைய 4 லட்சத்து 40 ஆயிரம் இடங்களில் இருக்கின்றன. மொத்தப் பரப்பு 57 ஆயிரம் ஹெக்டேர் அளவில். வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்குச் சராசரி ஏறக்குறைய 32 சென்ட். பத்தில் ஏழு இடங்களில் பள்ளிவாசலோ சிறு தொழுகைக்கூடமோ நிற்கிறது. அங்கே உழுவதற்கு ஒன்றுமில்லை. மிச்சத்தில் கல்லறைகளும் பள்ளிக்கூடங்களும் போக, வயலென்று சொல்லத்தக்கது துண்டு துண்டாகக் கிடக்கிறது. 17 ஹெக்டேர் ஒரே கையில் இருந்த கொந்தோரைப் பார்த்து, அரை ஏக்கர் வைத்திருக்கும் கிராமப் பள்ளிவாசல் மில் போட்டால் மில்லுக்குத்தான் நட்டம்.

அப்படிப்பட்ட இடம் என்ன செய்யலாம்? முதலில் சாசனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி வட்டாரச் சமய அலுவலர் முன் இரண்டு சாட்சிகளோடு வக்ஃபு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதைவைத்து நில அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். வாய்வழியாகக் கொடுத்த நிலத்தைக் கொடுத்தவரின் பேரன் வந்து கேட்ட வழக்குகள் ஜாவா முழுக்க உண்டு. அடுத்து, அந்த நெல்லுக்கு ஒரு வாய் தேட வேண்டும். அநாதை இல்லமோ, பக்கத்து மதரஸாவின் மதியச் சாப்பாடோ, எதுவானாலும் ஆண்டு முழுதும் தவறாமல் உண்ணும் ஓர் இடம். அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல்கள் நாலைந்து தங்கள் துண்டு நிலங்களை ஒரே நாழிரிடம் ஒப்படைக்கலாம். தனிநபர், அமைப்பு, சட்டப்பூர்வ நிறுவனம் மூன்றில் எதுவும் நாழிராக இருக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. தனிநபரிடம் விட்டால் அவர் போனபின் பழைய பெசன்ட்ரன் கதைதான். வாரம் பேசும்போது ஈரநெல்லா காய்ந்த நெல்லா என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதிக்கொள்ளட்டும், தராசு இரண்டு தரப்பும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.